பட்டன் போனிலும் ஓடுகிற பாடம்: பேச்சுப் பதிவைச் சுருக்கிக் கொடுப்பது எப்படி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடம் வாசித்துப் பதிவு செய்து கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த மைக் நல்லது, எப்படி மூச்சு விட்டு வாசிக்க வேண்டும் என்றெல்லாம் நாம் பேசிக்கொள்கிறோம். பதிவு செய்த கோப்பு பிள்ளையின் கைக்கு எப்படிப் போகும், அங்கே அது ஓடுமா என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. நாற்பது நிமிடப் பாடத்தைச் சுருக்காமல் வேவ் கோப்பாக வைத்தால், ஒற்றைத் தடமான மோனோவிலேயே 210 எம்பிக்கு மேல் வரும். தினம் ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருக்கும் மாணவிக்கு ஏழு பாடம் இறக்கினாலே அன்றைய டேட்டா ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதே பாடத்தை ஒழுங்காகச் சுருக்கினால் 15 எம்பிக்குள் அடங்கும், கேட்பதிலும் குறை தெரியாது.

நான் மதுரையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரிப் பாடங்களையும் போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். கணினி படித்தவள் இல்லை. இந்த வேலைக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். புதிதாக வாசிக்க வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்தான் இது.

எதில் கேட்கப் போகிறார்?

மென்பொருளை நிறுவுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். "உன்கிட்ட என்ன போன்மா இருக்கு?" என்று நேரடியாகவே கேட்கலாம். வரும் பதிலை வைத்துத்தான் மற்ற எல்லா முடிவும்.

ஸ்மார்ட்போனோ, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் போட்ட கணினியோ இருந்தால் ஓபஸ் வடிவம் போதும். ஸ்கைப் நிறுவனத்தின் சில்க், ஜிஃப் அறக்கட்டளையின் செல்ட் என்ற இரண்டு நுட்பங்களைச் சேர்த்து உருவாக்கியது ஓபஸ். 2012-இல் இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது. பயன்படுத்த உரிமக் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குரல் செய்திகள் இந்த ஓபஸில்தான் போகின்றன. குறைந்த எடையில் பேச்சைத் தெளிவாகத் தருவதில் இதை மிஞ்சிய வடிவத்தை நான் கேட்டதில்லை.

பட்டன் போன் என்றால் யோசிக்கவே வேண்டாம், எம்பி3தான். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் வளர்ந்தது அது. கோப்புப் பெயரின் கடைசியில் எம்பி3 என்று போடும் வழக்கம் 1995-இல் வந்தது. வயதான வடிவம்தான், ஆனாலும் மெமரி கார்டு போடுகிற எந்தக் கருவியும் அதைப் பாடிவிடும். ஓபஸ் கோப்பைப் பட்டன் போனில் ஏற்றினால் பெரும்பாலும் பட்டியலிலேயே வராது. கிராமத்திலிருந்து விடுதிக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் பலரிடம் இன்றும் இருப்பது பட்டன் போன். தொட்டு அறியக்கூடிய பொத்தான்கள் இருப்பதால் அதையே விரும்பி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. "டச் போன் வாங்கிக்கோ" என்று நாம் சொல்லக் கூடாது. அவர் கையில் இருப்பதற்கு ஏற்றபடி கோப்பைத் தயார் செய்து தருவது நம் பொறுப்பு.

மென்பொருளை நிறுவுவது

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிவு, வெட்டுதல், சுருக்குதல் எல்லாம் ஒரே இடத்தில் முடியும். திரைவாசிப்பானோடும் ஒத்துப்போகும். பார்வையற்ற நண்பர்கள் பலர் விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு இதில் என்னைவிட வேகமாக வேலை செய்கிறார்கள்.

தேடுபொறியில் பெயரை அடித்தால் நகல் தளங்களும் வரிசையில் வரும். பச்சை நிறத்தில் பெரிதாக 'டவுன்லோட்' பொத்தான் வைத்து, வேண்டாத எதையாவது கணினியில் ஏற்றிவிடுவார்கள். ஆடாசிட்டி டீம் டாட் ஓஆர்ஜி என்ற அதிகாரபூர்வத் தளத்துக்கே போங்கள். அங்கே மியூஸ் ஹப் என்ற இன்னொரு நிரலோடு சேர்த்துத் தரும் இணைப்பும், அது இல்லாத இணைப்பும் இருந்தால், இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். நம் வேலைக்கு அது தேவையில்லை. இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டு, கேட்பதற்கெல்லாம் 'நெக்ஸ்ட்' கொடுத்தால் நிறுவி முடிந்துவிடும்.

பழைய வழிகாட்டிகளைப் படித்தவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். எம்பி3 செய்ய லேம் என்ற நிரலைத் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தை ஆடாசிட்டிக்குக் காட்ட வேண்டும் என்று அவற்றில் இருக்கும். எம்பி3 காப்புரிமைக்குள் இருந்த காலத்து ஏற்பாடு அது. ஃப்ரான்ஹோஃபர் 2017-இல் உரிமம் வழங்கும் திட்டத்தையே முடித்துக்கொண்டது. 2019-இல் வந்த 2.3.2 பதிப்பு முதல் லேம் ஆடாசிட்டிக்குள்ளேயே இருக்கிறது. எதையும் தனியாகத் தேட வேண்டாம்.

தனியாக நிறுவ வேண்டிய ஒன்று உண்டு, எஃப்எஃப்எம்பெக். போனிலேயே பாடத்தைப் பதிவு செய்பவர்களுக்கு இது அவசியம். போனின் ரெக்கார்டர் பெரும்பாலும் எம்4ஏ கோப்பாகத்தான் சேமிக்கும், விண்டோஸில் அதைத் திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் துணை வேண்டும். ஏற்றுமதிப் பட்டியலில் ஓபஸ் காட்டவில்லை என்றாலும் இதே மருந்துதான். ஆடாசிட்டியில் எடிட் பட்டியலுக்குள் பிரிஃபரன்சஸ், அதில் லைப்ரரீஸ் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே 'டவுன்லோட்' என்ற பொத்தான், இறக்க வேண்டிய இடத்துக்கு வழி காட்டும். நீங்கள் நிறுவிய ஆடாசிட்டி 64 பிட் என்றால் அதற்கான நிறுவியையே எடுக்க வேண்டும். நிறுவி முடித்ததும் ஆடாசிட்டியை மூடித் திறங்கள். பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால் அதே இடத்தில் 'லொகேட்' அழுத்தி, நிறுவிய கோப்புறைக்குள் ஏவிஃபார்மட் என்று பெயர் தொடங்கும் கோப்பைக் காட்டினால் சரியாகிவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள்

சுருக்குவதைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு மின்விசிறியைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று நினைக்கலாம். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எம்பி3யும் ஓபஸும் ஒலியைச் சுருக்குவது, நம் காது கவனிக்காததைத் தள்ளிவிடுவதன் மூலம். ஓர் உரத்த ஒலிக்குப் பக்கத்திலேயே மெல்லிய ஒலி இருந்தால் காதுக்கு அது எட்டாது, அதனால் அதைச் சேமிப்பதில்லை. மனிதக் குரலில் உயிரெழுத்துகள் ஒழுங்கான அலைகளாகத் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றைச் சில எண்களிலேயே அடக்கிவிடலாம். மின்விசிறியின் 'உஸ்' அப்படிப்பட்டதல்ல. ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் தொடர்பில்லாத இரைச்சல் அது, சுருக்குவதற்கு மிகக் கடினமான ஒலி. நொடிக்கு 48 ஆயிரம் பிட் மட்டும் செலவழிக்கலாம் என்று நாம் கட்டளையிடும்போது, அதில் ஒரு பங்கை விசிறிச் சத்தம் தின்றுவிடும். மிச்சத்தில்தான் குரல். அமைதியான அறையில் பதிவு செய்த பாடம் 32-இல் தருகிற தெளிவை, விசிறியடியில் பதிவு செய்த பாடம் 64-இல்கூடத் தராது.

மே மாதத்து மதுரையில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து வாசிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் விடிகாலையில் வாசிக்கிறேன். விசிறியும் ஓடாது, காய்கறி வண்டியும் வராது. பத்துப் பத்து நிமிடமாக வாசித்து, நடுவில் விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே சத்தத்தோடு பதிவான பாடத்தைத் திரும்ப வாசிக்க முடியாது என்றால், எஃபெக்ட் பட்டியலில் 'நாய்ஸ் ரிடக்ஷன்' இருக்கிறது. பேச்சில்லாத ஐந்து நொடியைத் தேர்ந்தெடுத்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே கட்டளையைத் திரும்ப இயக்குங்கள். குறைப்பு அளவு 6 முதல் 9 டெசிபல் போதும். அதிகம் வைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும், அதைச் சுருக்கினால் இன்னும் மோசம். மின்சார ரீங்காரத்தைக் குறைக்க 'ஹை பாஸ் ஃபில்டர்' என்பதை 80 ஹெர்ட்ஸில் வைத்து ஒருமுறை ஓட்டலாம். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஓரளவு அதில் அடங்கும், குரலுக்குச் சேதமில்லை. அதே பட்டியலில் 'கம்ப்ரெஸர்' என்று ஒன்று இருக்கும். அது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது, கோப்பின் எடையை அது குறைக்காது.

ஏற்றுமதி

பதிவு தொடங்கும் முன்பே 'ஆடியோ செட்டப்' பொத்தானில் ரெக்கார்டிங் சேனலை ஒன்று, அதாவது மோனோ என வைத்துவிடுங்கள். ஒருவர் வாசிக்கும் பாடத்துக்கு ஸ்டீரியோ எந்த வகையிலும் உதவாது. மேலும் ஒரே காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு, மறு காதைச் சுற்றுப்புறத்துக்கு விட்டுவைப்பவர்கள் நம் மாணவர்கள். மோனோதான் அவர்களுக்குப் பொருத்தம்.

எடையைக் கணக்குப் போட ஓர் எளிய வழி: கேபிபிஎஸ் எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்பதை, 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரப் பதிவு எத்தனை எம்பி என்று வந்துவிடும். 48 என்றால் 21.6 எம்பி, 24 என்றால் 10.8 எம்பி. சிடியின் ஒலி 1411 கேபிபிஎஸ். மணிக்கு 635 எம்பி.

பட்டன் போனுக்கான எம்பி3: ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் ஆடியோ. வடிவம் எம்பி3, சேனல் மோனோ, சாம்பிள் ரேட் 24000, பிட் ரேட் மோட் 'கான்ஸ்டன்ட்', குவாலிட்டி 48. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. சாம்பிள் ரேட் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது; 24000 என்று வைத்தால் 12000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகும், பேச்சுக்கு அது தாராளம். 44100-லேயே விட்டுவிட்டால், அதே 48 கேபிபிஎஸ்ஸை நமக்குத் தேவையில்லாத உச்ச ஒலிகளுக்கும் பங்குபோட வேண்டியிருக்கும். 16000-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அந்த அளவுகள் எம்பி3 தரத்துக்குள் முறையாகச் சேராத நீட்டிப்பு, சில கருவிகள் அவற்றைப் பாடாது.

கான்ஸ்டன்ட் என்பதை நான் வற்புறுத்தவே செய்வேன். பிட் அளவு இடத்துக்கு இடம் மாறும் வேரியபிள் வைத்தால் எடை இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் சில மலிவுக் கருவிகள் வேரியபிள் கோப்பின் மொத்த நேரத்தைத் தப்பாகக் காட்டும், பின்னோக்கி நகர்த்தினால் எங்கோ போய் நிற்கும். படிக்கிற பிள்ளை ஒரு வரியை மூன்று தடவை திருப்பிக் கேட்பாள். அவளுக்கு இடம் தப்பாமல் பின்னோக்கிப் போவது, இரண்டு எம்பி மிச்சமாவதைவிட முக்கியம்.

ஸ்மார்ட்போனுக்கான ஓபஸ்: வடிவம் ஓபஸ், சாம்பிள் ரேட் 48000, ஏனென்றால் 44100-ஐ ஓபஸ் ஏற்காது, பிட் ரேட் 24000. அப்ளிகேஷன் என்று ஓர் இடம் காட்டினால் அதில் விஓஐபி, அது பேச்சுக்கானது. நாற்பது நிமிடப் பாடம் 7 எம்பி அளவில் முடிந்துவிடும். கதை, நாடகம் போலப் பின்னணி இசை இருந்தால் 48000-க்கு உயர்த்துங்கள்.

மூலத்தை அழித்துவிடாதீர்கள். எம்பி3யிலிருந்து ஓபஸோ, எம்பி3யிலிருந்து இன்னொரு எம்பி3யோ செய்தால், போனது போனதுதான். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். பதிவை ஃபிளாக் வடிவத்தில் ஒரு பிரதி எடுத்து வன்வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேவின் பாதி அளவுதான் வரும், ஒலியில் ஒரு துளிகூட இழப்பில்லை. நாளைக்கு வேறு வடிவம் கேட்டால் அதிலிருந்து செய்து கொடுக்கலாம்.

காதால் சோதிப்பது

எண்களை மட்டும் நம்பி ஒரு புத்தகம் முழுவதையும் சுருக்கிவிட வேண்டாம். நான் ஒரு சிறு பட்டியல் வைத்திருக்கிறேன்: தலை, தளை, தழை, அரம், அறம், பனி, பணி, வாலை, வாளை, வாழை. நடுவில் 'சீற்றம்', 'சிவப்பு', 'பட்டம்', 'தப்பு' என்று சில. இவற்றை வரிசை மாற்றி வாசித்து, 16, 24, 32, 48 என நான்கு அளவில் எம்பி3 செய்து, எது எது என்று சொல்லாமல் ஒரு மாணவியிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். 16-இல் 'தலை'யையும் 'தளை'யையும் பிரிக்க அவள் திணறினாள். 'பட்டம்' என்பதில் டகரம் வெடிக்கும் முன்பே ஒரு நிழல் போல ஏதோ கேட்டது என்றாள். அது உண்மையான குறைதான். திடீரென்று எழும் ஒலியைக் குறைந்த பிட்டில் அடைத்தால், அதன் சிதறல் ஒலிக்கு முன்னாலேயே கசியும்.

32-இல் எல்லாச் சொல்லையும் சரியாக எழுதிவிட்டாள். அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குப் புதிது: "டீச்சர், சாதாரணமா கேட்டா நல்லா இருக்கு. ஒன்றரை வேகத்துல வச்சா 'ச' வர்ற இடமெல்லாம் விசில் அடிக்குது." இவர்களில் பலர் ஒன்றரை, இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பார்கள். தேர்வுக்கு முன் பாடம் திருப்புவது அப்படித்தான். 48-இல் அந்த விசில் இல்லை. நான் 48-இல் நிற்பதற்கு அவள் காதுதான் காரணம். நீங்களும் சுருக்கிய கோப்பை ஒருமுறை வேகமாக ஓட்டிக் கேளுங்கள்.

நிறையக் கோப்புகள் இருந்தால்

ஒரு புத்தகத்துக்கு முப்பது அத்தியாயம் என்றால் ஒவ்வொன்றாக ஏற்றுமதி செய்து கையொடிய வேண்டாம். முதல் கோப்பை மட்டும் மேலே சொன்ன அமைப்பில் எம்பி3யாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு டூல்ஸ் பட்டியலில் மேக்ரோ மேனேஜர். 'நியூ' கொடுத்துப் 'பாடம்' என்று பெயர் வைத்து, 'இன்சர்ட்' வழியாக 'எக்ஸ்போர்ட் ஆஸ் எம்பி3' என்ற கட்டளையைச் சேருங்கள். கடைசியாகப் பயன்படுத்திய அமைப்பையே அது எடுத்துக்கொள்ளும். 'அப்ளை மேக்ரோ டு' என்ற இடத்தில் 'ஃபைல்ஸ்' அழுத்தி முப்பதையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு நீங்கள் காப்பி குடிக்கப் போகலாம். முடிந்தவை மேக்ரோ அவுட்புட் என்ற கோப்புறையில் இருக்கும்.

பெயர்களையும் இப்போதே சரி செய்துகொள்ளுங்கள். பட்டன் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் கோப்பின் பெயரை 001, 002 என்று எண்ணில் தொடங்குங்கள். எந்தப் பாடம் என்பதை, குரலிலேயே முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள்: "மூன்றாம் அலகு, இரண்டாம் பகுதி." திரையைப் பார்க்காதவருக்கு அதுதான் தலைப்பு. ஸ்மார்ட்போனில் கேட்பவர்களுக்காக, ஏற்றுமதியின்போது மெட்டாடேட்டா பகுதியில் தலைப்பையும் தமிழில் நிரப்பினால் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும்.

பதிப்பகம் கேள்வி கேட்குமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012-இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூல்களை மாற்றித் தர இடம் கொடுத்திருக்கிறது. லாபம் பார்க்காமல், அவர்களுக்கு மட்டும் போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டும். இதற்கென உலக அளவில் 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. பொதுவெளியில் யாரும் இறக்கும்படி ஏற்றிவைக்காமல், நிம்மதியாக வாசியுங்கள்.

கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது

ஸ்மார்ட்போனில் விஎல்சி செயலியை நிறுவச் சொல்லுங்கள். பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. இலவசம், விளம்பரம் கிடையாது, ஓபஸ் ஓடும், வேகத்தையும் கூட்டலாம். வேறு செயலிதான் வேண்டும் என்று ஒருவர் சொல்லி, பழைய ஆண்ட்ராய்டில் ஓபஸ் கோப்பு பட்டியலில் வராமல் போனால், பெயரின் கடைசியில் உள்ள ஓபஸ் என்பதை ஓஜிஜி என்று மாற்றிப் பாருங்கள். இரண்டு பெயரிலும் கோப்பின் உறை ஆக் என்ற ஒரே வகைதான் என்பதால் பெரும்பாலும் ஓடிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஆடியோவாகப் போனால் மறுமுனையில் நம் பெயர் போய், தேதியும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயரில் சேமிக்கப்படும். எது எந்தப் பாடம் என்று தெரியாது.

மெமரி கார்டில் ஏற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவான கருவிகள் பல, பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையிலேயே ஓட்டும். ஆகவே காலியான கோப்புறை ஒன்றை உருவாக்கி, 001-இலிருந்து ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். நடுவில் ஒரு பாடத்தைத் திருத்தி மாற்ற வேண்டியிருந்தால், கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்றுவதே நல்லது.

புத்தகம் முழுவதையும் வாசித்து முடிக்கும் வரை காத்திருக்காமல், முதல் பாடத்தை மட்டும் சுருக்கி, அந்தப் பிள்ளையின் போனிலேயே போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பட்டியலில் வருகிறதா, நடுவிலிருந்து பின்னோக்கிப் போனால் சரியான இடத்தில் நிற்கிறதா, பேருந்தில் கேட்டால் குரல் தெளிவாக இருக்கிறதா, வேகத்தைக் கூட்டினால் சொல் புரிகிறதா என்று நான்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அமைப்பை மாற்றிவிட்டு இரண்டாம் பாடத்துக்குப் போங்கள்.